கம்பளி போர்த்திய யானைகள்



சிறு செலவில் எடுக்கப்பட்ட விசித்திரமான சண்டைப்படம் ஒன்றைப் பார்ப்பதால் விளையக்கூடிய பயன் யாது? இக்கேள்வி நகைப்பை விளைக்கலாம். எனினும், நானுஓயாவின் தோட்ட லயங்களிலும் இன்று கைத்தொலைபேசி வழியே எல்லாக் காலத்துப் படங்களும் வந்து குவிகின்றன. ஆகவே, பெற்றோரும் ஆசிரியரும் இதனைச் சற்றே சிந்தித்தல் தகும்.

1952ஆம் ஆண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனமும் அமெரிக்கரான ராபர்ட் லிப்பர்ட்டின் நிறுவனமும் கூட்டாக ஒரு படத்தை வெளியிட்டன. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ என்றும், தமிழில் ‘காடு’ என்றும் அதற்குப் பெயர். வில்லியம் பெர்க் இயக்கினார். ராட் கேமரன், சீசர் ரோமெரோ, மேரி வின்ட்சர் ஆகியோர் நடித்தனர். காட்டு யானைகள் வெறிகொண்டு ஊர்களை அழிக்கின்றன. காரணம் காணப் புறப்பட்டோர், அவ்யானைகளை மிரட்டி ஓட்டுபவை பண்டைக் காலத்து மாமூத் யானைகள் என்று அறிகின்றனர். உலகிலிருந்தே மறைந்துபோன விலங்கைப் படத்துக்கு எங்ஙனம் கொண்டுவருவது? நாட்டு யானைகளின்மீது உரோமப் போர்வையைப் போர்த்தி நடக்கவிட்டனர்!

இன்றைய மாணவர் இதைக் கண்டால் கைகொட்டிச் சிரிப்பர். சிரிக்கட்டும். ஆனால், சிரித்து முடிந்தபின், ‘ஏன் இப்படிச் செய்தார்கள்?’ என்ற வினா எழவேண்டும். கல்வி அங்கேதான் தொடங்குகிறது.

அக்காலத்து அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரே சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டும் வழக்கம் இருந்தது. முதற்படத்துக்கு வசூலில் பங்கு கிடைக்கும். துணைப்படத்துக்கோ பெரும்பாலும் நிலையான வாடகை மட்டுமே. படம் எவ்வளவு சிறந்தாலும் வருவாய் உயராது. எனவே, செலவைக் குறைப்பதே இலாபத்துக்கு வழியாயிற்று. லிப்பர்ட் இவ்வகைப் படங்களுக்குப் பெயர்பெற்றவர். இனி, போர்வை போர்த்திய யானையைக் காணும்போது அதன் பின்னேயுள்ள கணக்கேடும் நமக்குத் தெரியுமன்றோ?

சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸும் சிக்கனத்துக்கும் ஒழுங்குக்கும் பெயர்போனது. மலையாளத்தின் முதற் பேசும்படமான ‘பாலன்’ 1938இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இலும் அந்நிறுவனத்திலிருந்தே வந்தன. பின்னர் ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’ 1966இலும், ‘சி.ஐ.டி. சங்கர்’ 1970இலும் வெளியாயின. எளிய படங்களை எடுத்த கைகளே அரிய படங்களையும் எடுத்தன என்பது கருதத்தக்கது.

இத்தகைய படங்களைப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இக்காட்சி எவ்வாறு எடுக்கப்பட்டது? இதில் துன்புற்றவர் யார்? யாருடைய பெயர் விடுபட்டது? முதல் வினா அறிவை வளர்க்கும். மாடியிலிருந்து குதிப்பவன் கீழே விரித்த மெத்தையில் விழுகிறான் என்றறிந்த சிறுவன், லயத்துக் கூரைமீதேறிக் குதிக்கமாட்டான். இரண்டாம் வினா இரக்கத்தை வளர்க்கும். நமது குளிருக்குக் கம்பளி காவல். வெயிலில் நின்ற யானைக்கோ அது சுமை. இன்று இந்தியாவில் விலங்குகளை நடிக்கவைப்பதற்கு விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும்.

மூன்றாம் வினாவே நமக்கு மிக நெருங்கியது. நாயகனுக்காக விழுந்து எழுந்தவனின் பெயர் பெரும்பாலும் திரையில் வருவதில்லை. தேயிலைப் பொதியின்மீதும் கொழுந்து பறித்தவளின் பெயர் இல்லை. தாயின் உழைப்பு அவ்வாறு மறைந்திருப்பதை நாள்தோறும் காணும் பிள்ளை, திரைக்குப் பின்னுள்ள உழைப்பையும் எளிதில் உணரும். அப்பிள்ளை பொருளின் எளிமையைக் கண்டு சிரித்தாலும், உழைத்தவரை இகழாது.