கடல் நத்தையா, கடல் அட்டையா?

அந்தமானின் சுவராஜ் தீவு போன்ற இடங்களில் ஸ்கூபா டைவிங் போகிறவர்களுக்கு, பவளப்பாறையில் விரல் நீளத்தில், கறுப்புக் கோடும் மஞ்சள் புடைப்புமாக ஓர் உயிர் கண்ணில் படலாம். பெரும்பாலும் அது பில்லிடியா எனும் ஓடில்லாத கடல் நத்தை. ஆனால் அதே வேடத்தில் ஒரு கடல் அட்டைக் குஞ்சும் திரிகிறது. பியர்சனோதூரியா கிரேஃபி என்பது அதன் பெயர். பில்லிடியா நஞ்சுள்ளது, மீன்கள் அதைத் தீண்டாது. அந்தச் சாயலே குஞ்சுக்கும் காவல்.

ஆளுக்கோ இந்த மயக்கம் வம்பில் முடியலாம். 2001 முதல் கடல் அட்டைகள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் அதே அட்டவணைதான். பிடித்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, மேலே அபராதம். மன்னார் வளைகுடா போன்ற கடல் தேசியப் பூங்காக்களுக்குள் நத்தையையும் எடுக்கக் கூடாது.

எடுக்காமலே இனம் காணலாம். நத்தை என்றால் தலையில் இரண்டு கொம்புகள் இருக்கும். அட்டைக் குஞ்சுக்குக் கொம்பு கிடையாது. வாயைச் சுற்றிக் கறுப்பு உணர்விழைகள்தான். கொம்பும் இல்லாமல், காகிதம் போல மெலிந்து, ஓரம் நெளிய நகர்ந்தால் அது தட்டைப்புழு. நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் வைப்பது வீண்வேலை. பத்து மீட்டர் ஆழத்தில் சிவப்பு ஏறக்குறைய மறைந்தே போகிறது. ஃபிளாஷ் போட்டு மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கொம்பு தெரிய நெருக்கத்தில் ஒன்று எடுங்கள். எந்தக் கடற்பஞ்சின் மேல் இருந்தது, எத்தனை மீட்டர் ஆழம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல நத்தைகள் குறிப்பிட்ட இரையை விட்டு விலகாதவை என்பதால், இனம் சொல்லும் நிபுணருக்கு அது பெரிய துப்பு.

தொடாதீர்கள் என்பதற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. பில்லிடியாவை மீன் இருக்கும் வாளியில் போட்டால் மீன் செத்துவிடும். 2009இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து கடற்கரைகளில் நாய்கள் செத்ததற்குக் காரணம், கரையொதுங்கிய ஒரு கடல் நத்தையில் இருந்த டெட்ரோடோடாக்சின். பேத்தை மீனின் அதே விஷம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகரில் ஒதுங்கிய நீல டிராகனும் கடல் நத்தைதான். கொட்டும் உயிர்களைத் தின்று, அவற்றின் கொட்டும் செல்களைத் தன் உடம்பில் சேர்த்துவைத்திருக்கும். அது கொட்டிவிட்டால் தேய்க்க வேண்டாம். கடல்நீரால் கழுவி, பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனை.

எடுத்த படம் உங்களுடையது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கோ கூலிக்கோ எடுக்காத படத்தின் முதல் உரிமையாளர் எடுத்தவரே. டைவிங் கடைக்காரர் கேட்காமல் விளம்பரத்தில் போட்டால், முதலில் அவருக்கு எழுதுங்கள். அசைந்து கொடுக்கவில்லையா, அது வெளியான இணையதளத்துக்கு மூலப்படத்தோடு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கித் தராவிட்டால் படம் திரும்ப ஏறிவிடலாம். ஆகவே கேமராவில் உள்ள மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.