தடி ஊன்றத் தெரிந்தவரே வழிகாட்டி

ஆபிரிக்கக் காட்டுயிர்ப் பயணம் என்றதும் திறந்த ஜீப்பும் சிங்கமும்தான் பலருக்கு நினைவில் வரும். ஆனால் பொட்ஸ்வானாவில் அந்தப் பயணத்தின் மிக அழகான பகுதி தண்ணீரில் நடக்கிறது. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் வழிந்து வந்து, உள்ளூரில் மழையே இல்லாத மாதங்களில் ஒக்கவாங்கோச் சமவெளியை நிரப்புகிறது. ஒக்கவாங்கோ ஆறு கடலைச் சேர்வதில்லை. பரந்து விரிந்து, மணலிலும் வெயிலிலும் முடிந்துபோகிறது. கோரைக்கும் அல்லிக்கும் நடுவே மொக்கோரோ என்ற ஒடுங்கிய தோணி போகும். பின்னால் நின்று நீண்ட தடியை ஊன்றித் தள்ளுபவர் அந்தச் சதுப்பில் பிறந்து மீன்பிடித்து வளர்ந்தவர். யானை எந்தக் கரையில் இறங்கும், நீர்யானை எந்த மடுவில் கிடக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஆயிரமாவது இடமாக ஒக்கவாங்கோ சேர்ந்தது. அதைப் பார்க்க உலகமெங்கும் இருந்து வருபவர்கள் அந்தத் தோணிக்காரரை நம்பித்தான் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

அப்படித் தடி ஊன்றத் தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்தின் குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் இருக்கிறார்கள். தண்ணீரும் பறவையும் எங்களிடம் உண்டு. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க நாங்கள் இன்னும் மினக்கெடவில்லை.

குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கியாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் விழுகிறது. செங்கை ஆழியான் அதன் கரையோரமாக ஒரு நாவலையே நடத்திக் காட்டினார். ஆறில்லாத குறையைத் தீர்ப்பது பரவைக்கடல். யாழ்ப்பாண நீரேரி, உப்பாறு, தொண்டைமானாறு, சுண்டிக்குளம் என்று தரைக்குள் புகுந்து கிடக்கும் இந்தத் தண்ணீரில் பல இடங்களில் ஆள் நடந்தே போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும். தை, மாசியில் வற்றத் தொடங்கும். வற்ற வற்றச் சேறு வெளிக்கிடும். அந்தச் சேற்றில் உள்ள புழுவுக்கும் நத்தைக்கும் சின்ன இறாலுக்கும்தான் பறவைகள் வட துருவத்துக்குக் கிட்டவிருந்தும் புறப்பட்டு வருகின்றன.

இது வெறும் ஊகமில்லை. 2021இல் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தி விடப்பட்ட மேகா என்ற கடற்காகம் 7,000 கிலோமீற்றருக்கு மேல் பறந்து ரஷ்யாவின் யமால் குடாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மத்திய ஆசியப் பறவைப் பாதை எனப்படும் அந்த வான்வழி இலங்கையைத் தொடுகின்ற முதல் நிலத்தில் நாங்கள் குடியிருக்கிறோம்.

பண்ணைப் பாலத்தில் விடியற்காலையில் நின்றால் போதும். நீர்க்காகம், ஆலா, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாவற்றையும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே பார்க்கலாம். வல்லை வெளியில் உள்ளான்களும் ஊசிவால் வாத்துகளும் கூட்டமாக இருக்கும். கௌதாரியும் இரட்டைவால் குருவியும் எங்களுக்கு முற்றத்துப் பறவைகள். தெற்கிலிருந்து வரும் பறவை ஆர்வலர்களுக்கோ அவை வடக்குக்கு வந்தால்தான் எளிதாகக் கிடைக்கிற காட்சி.

ஆனால் பூநாரைக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களில் தங்குவதுதான் உணவு. அந்த உணவிலுள்ள நிறமியே இறகுக்குச் சிவப்பாகிறது. அதனால் இளம் பறவைகள் சாம்பல் நிறத்தில் நிற்கும். பொட்ஸ்வானாவின் மக்கடிக்கடி உப்புவெளியில் பெருங்கூட்டமாகக் கூடுகட்டும் பெரிய பூநாரையும் மண்டைதீவுக் கரையில் நிற்பதும் ஒரே இனம். இலங்கையில் அது கூடு கட்டுவதில்லை. இந்தியாவில் அதன் பெரிய இனப்பெருக்க நிலம் குஜராத்தின் கச்சு உப்புவெளி.

பூநாரைக்குக் கிட்டப் போவது எப்படி என்பதைப் பரவைக்கடலில் தொழில் செய்யும் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்தார். "எஞ்சினை நிப்பாட்டிப்போட வேணும் தம்பி. கம்பு குத்தி ஆறுதலாப் போனா எங்களை மேயிற மாடு மாதிரித்தான் பாக்கும். அது நடக்கத் தொடங்கினா அதோட நிண்டிட வேணும். எழும்பிப் பறந்திட்டா அண்டைக்கு அவ்வளவுதான்." சிறகுவலைத் தடிகளின் வரிசையைப் பார்த்தே எங்கே ஆழம், எங்கே சேறு என்று அவர் தோணியைத் திருப்பினார். ஒரு நல்ல வழிகாட்டிக்கு வேண்டிய அறிவில் பெரும்பங்கு இதுதான். மிச்சத்தைப் புத்தகத்திலிருந்து கற்பிக்கலாம்.

இந்தத் தண்ணீரை என் வயதுக்காரர்கள் பறவைக்காக நினைத்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் போரால் ஆனையிறவும் பூநகரியும் அடைபட்டபோது குடாநாட்டுச் சனங்கள் வெளியே போக இருந்த ஒரே வழி கிளாலிக் கடல். இரவில் விளக்கில்லாமல், பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு படகில் போனார்கள். 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்த நீரில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கடலைப் பார்த்தாலே நெஞ்சு பதறுகிறவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே வழிகாட்டி அழைத்துப் போகும் எந்தப் பயணமும் இதை மறைத்துவிட்டுப் பூநாரையை மட்டும் காட்டக்கூடாது.

ஆனையிறவுக்கு இன்னும் பழைய கதை உண்டு. வன்னியில் பிடித்த யானைகளை இந்த ஆழமில்லாத நீரால் கடத்திக் கொண்டுவந்து, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேற்றினார்கள். இன்று அந்த வழியில் உப்பளமும் பறவைகளும்தான். அங்கிருந்து கிழக்கே சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் 19,565 ஹெக்டேயருடன் தேசியப் பூங்காவானது. ஒருபக்கம் மணற்கும்பியும் கடலும், மறுபக்கம் நீரேரி, நடுவே பற்றைக்காடு. அதே ஆண்டில் நெடுந்தீவிலும் ஒரு தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அங்கே ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை கட்டின்றி மேய்கின்றன. ஆபிரிக்காவின் பெருக்குமரமும் ஒன்று நிற்கிறது; அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். குறிகட்டுவானில் படகேறி அதைப் பார்க்கப் போகிறவர்கள் ஒக்கவாங்கோக் கரையில் நிற்கும் மரத்தின் உறவைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

தேசியப் பூங்கா என்ற பெயர் மட்டும் எதையும் காப்பாற்றாது. எல்லை போடும்போது ஊரைக் கேட்காமல் போட்டால், தலைமுறையாக வலை வீசிய இடத்தில் மீனவர் குற்றவாளியாகிறார். பிறகு அவர் அந்தப் பறவைக்கு ஏன் காவல் நிற்கப் போகிறார்? பூங்காவுக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். நீரேரிக் கரை என்றால் குப்பை கொட்டும் இடம், மண் நிரப்பிக் கட்டும் இடம் என்றாகிவிட்டது. மண்டைதீவில் 2025 செப்டெம்பரில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல மைதானம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அதற்குப் பறவைகள் இறங்கும் ஈரநிலத்தைத் தெரிந்தெடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். பருத்தித்துறைக்கு எதிர்க்கரையான கோடியக்கரை 1967இல் சரணாலயமாகி, 2002இல் ராம்சார் தலமாகியது, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்டது. கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீற்றரில் ஒரு காப்பகத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. பறவைக்கு இரண்டு கரையும் ஒன்றுதான். இந்தக் கரையில் மன்னாரின் வங்காலை 2010இல் ராம்சார் தலமானது, குடாநாட்டுக்குள் ஒன்றுமில்லை. யாழ்ப்பாண நீரேரிக்கும் சுண்டிக்குளத்துக்கும் அந்தத் தகுதியைக் கேட்க வேண்டும். பல்கலைக்கழக விலங்கியல் துறையும் மாகாண நிர்வாகமும் சேர்ந்து கேட்கலாம்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கரையிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உண்டு. சங்கத்துக்கு நான்கைந்து இளைஞர்களைத் தெரிந்து, பறவைகளின் பெயரும் பழக்கமும் படிப்பித்து, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் வழிகாட்டி உரிமம் எடுத்துக் கொடுக்கலாம். எஞ்சின் இல்லாத தோணி, இரண்டு தொலைநோக்கி, ஒரு தோணியில் நான்கு பேருக்கு மேல் ஏற்றாத கட்டுப்பாடு, கட்டணம் சங்கத்தின் கையில் என்று தொடங்கலாம். மீன் குறைகிற மாசி, பங்குனியில் பூநாரைக் கூட்டம் பெரிதாக இருக்கும். அந்த நாட்களில் வலைக்குப் போகாத தோணிக்கு அது வருமானமாகும். கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் எங்கள் ஆட்கள் கோயிலுக்கும் கீரிமலைக்கும் போகிறார்கள். ஒரு விடியலை அவர்கள் பாசையூர்க் கரைக்கு ஒதுக்கட்டும். எஞ்சின் படகு பிடிக்காமல், தடி ஊன்றிப் போகிற ஒருவரைக் கேட்கட்டும்.