அடித்தரை தெரியும் நீர்

வீட்டு நீச்சல் குளத்தைத் துப்புரவு செய்வது என்றவுடன் நீண்ட கழியில் பொருத்திய வலையும் சுவரைத் தேய்க்கும் பிரஷுமே பலரது நினைவுக்கு வருகின்றன. சருகையும் பூச்சியையும் அள்ளுவது இந்த வேலையின் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. கிருமிகளை ஒழிப்பதும் பாசி படராமல் தடுப்பதும் நீரில் கரைந்துள்ள வேதிப்பொருள்களின் அளவைப் பொறுத்தவை. அடித்தரை ஓடுகளின் இடுக்குகள்கூடத் தெரியுமளவுக்குத் தெளிந்த நீரிலும், குளோரின் தீர்ந்துவிட்டால் கிருமிகள் உயிரோடிருக்கும் என்பதால், குளத்தைத் தாமே பராமரிக்க முற்படுவோர் வலையை எடுப்பதற்கு முன்பே நீரைச் சோதிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

குளோரின் மருந்து தூளாக இருந்தாலும் மாத்திரையாக இருந்தாலும், நீரில் கரைந்தவுடன் அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலம் என்னும் சேர்மம் உண்டாகிறது. மின்னூட்டம் இல்லாத இந்த அமிலம் கிருமியின் உறையை எளிதில் ஊடுருவிச் சென்று அதைக் கொல்கிறது. ஆனால் இதில் ஒரு பகுதி ஹைட்ரஜன் அயனியை இழந்து, கொல்லும் திறன் மிகக் குறைந்த ஹைப்போகுளோரைட் அயனியாக மாறிவிடுகிறது. எந்த அளவுக்கு மாறும் என்பதை நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவே தீர்மானிக்கிறது. பி.எச். 7.2 ஆக இருக்கும்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், 7.5இல் பாதியும், 8இல் கால் பங்கும்தான் அமில வடிவில் எஞ்சுகின்றன. குளம் பச்சை நிறம் காட்டும்போதெல்லாம் மேலும் மேலும் குளோரினைக் கொட்டுவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இந்தக் கணக்கைத்தான். தமிழகத்தில் ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரால் நிரப்பப்படும் குளங்களில் பி.எச். மேலேறும் போக்கு இருப்பதால், ஓடுகளில் வெள்ளை உப்புப் படிவதும் குளோரின் வலுவிழப்பதும் ஒருசேர நிகழ்வதுண்டு.

வீட்டுக் குளத்துக்கு பி.எச். 7.2 முதல் 7.8 வரையிலும், கட்டற்ற குளோரின், அதாவது இன்னும் எதனோடும் வினைபுரியாமல் வேலைக்குக் காத்திருக்கும் குளோரின், லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையிலும் இருப்பது வழக்கம். 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரி 1.5 மீட்டர் ஆழமும் உள்ள குளம் 48,000 லிட்டர் கொள்ளும். அதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஏற்றுவதற்கு 96 கிராம் குளோரின் தேவை என்பதால், 65 விழுக்காடு வீரியமுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் ஏறத்தாழ 150 கிராம் போதும். வாளியில் முதலில் நீரை நிரப்பி அதில்தான் தூளை இட வேண்டும், பி.எச். அளவைக் குறைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கும் இதே முறைதான். இருவகைக் குளோரின் மருந்துகளை ஒரே பாத்திரத்தில் கலப்பதோ, குளோரினோடு ஆசிட்டைச் சேர்ப்பதோ தீயையும் நச்சு வாயுவையும் உண்டாக்கக்கூடியது.

சோதனைக்குரிய நீரை மேற்பரப்பிலிருந்து மொள்ளாமல், முழங்கை மூழ்கும் ஆழத்தில், பம்பிலிருந்து நீர் திரும்பி வந்து விழும் வாயிலுக்கு எட்டத்தில் எடுக்க வேண்டும். டி.பி.டி. என்னும் மாத்திரையை அதில் கரைத்தால் குளோரினின் அளவுக்கேற்ப நீர் இளஞ்சிவப்பாகும். அந்நிறத்தை அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டு அளவை அறியலாம். ஆனால் குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது சாயத்தையே வெளுக்கச் செய்துவிடும். சோதனைக் குழாயில் ஒரு நொடி சிவப்பு தோன்றி மறைந்து நீர் நிறமற்றுப்போனால், குளோரின் இல்லை என்று எண்ணி மேலும் சேர்ப்பது பெருந்தவறாகிவிடும்.

மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் நாற்றம்’ சுத்தத்தின் அடையாளமாகக் கருதப்படுவது வேடிக்கையே. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் வினைபுரிந்து உண்டாகும் குளோரமின்களே அந்த நெடிக்கும் கண் எரிச்சலுக்கும் காரணம். குளிப்போர் குளத்தில் இறங்கும் முன் உடலைக் கழுவிக்கொண்டால் இவை உருவாவது பெரிதும் குறையும்.

மிதக்கும் நுண்துகள்களைப் பிடிப்பது மணல் வடிகட்டி. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் படுகையின் வழியாகப் பம்ப் நீரைச் செலுத்தும்போது அழுக்கு மணலிடையே தங்குகிறது. அழுக்குச் சேரச் சேர அழுத்தமானியின் முள் ஏறுகிறது. மணலைக் கழுவிய பின் காட்டிய அளவைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை அது கூடியதும், பம்பை நிறுத்தி, வால்வின் கைப்பிடியை ‘பேக்வாஷ்’ நிலைக்குத் திருப்பி, மீண்டும் பம்பை இயக்கினால் நீர் எதிர்த்திசையில் பாய்ந்து மணலைக் கிளறும். வால்வின் ஓரத்திலுள்ள கண்ணாடிக் குமிழில் முதலில் கலங்கலாகத் தெரியும் நீர், இரண்டு மூன்று நிமிடங்களில் தெளியும். சிறிதளவு அழுக்கு படிந்த மணல் புது மணலைவிட நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் என்பதால், முள் ஏறாதபோதும் நாள்தோறும் பேக்வாஷ் செய்வது நீரை மட்டுமன்றி வடிகட்டும் திறனையும் வீணாக்குவதாகும்.

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் குளோரினைச் சில மணி நேரத்திலேயே பெருமளவு சிதைத்துவிடுவதால், தூள் மருந்தை மாலையில் இடுவதே நல்லது. சிதைவைத் தடுக்கச் சயனூரிக் அமிலம் என்னும் நிலைப்படுத்தி பயன்படுகிறது. கடைகளில் கிடைக்கும் டி.சி.சி.ஏ. என்னும் குளோரின் மாத்திரைகளிலேயே அது அடங்கியுள்ளது. எனினும் குளோரின் செலவான பின்னும் நிலைப்படுத்தி நீரிலேயே தங்கி, ஒவ்வொரு மாத்திரைக்கும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, இறுதியில் குளோரினின் வேகத்தையே கட்டுப்படுத்தத் தொடங்குகிறது. சாதாரண மணல் வடிகட்டியால் அதை அகற்ற இயலாது. குளத்து நீரில் ஒரு பகுதியை இறைத்துவிட்டுப் புதுநீர் நிரப்புவதே வீட்டளவில் செய்யக்கூடிய வழி.