இரண்டு சுடிதாரும் ஆறாம் வகுப்புப் புத்தகமும்

கல்லூரியின் கடைசி நாளில் நாங்கள் பதினொரு பேர் ஒரே மாதிரி சேலை கட்டியிருந்தோம். மதுரை விளக்குத்தூண் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கிப் பேரம் பேசி எடுத்த செட் சேலை. மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. பதினொரு ஜாக்கெட்டையும் தைத்தது என் அம்மா. வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைப்பவர் அவர். என் தோழிகளுக்கு மட்டும் பாதிக் கூலி. ஃபோட்டோ எடுத்து முடித்து வீட்டுக்கு வந்ததும் சேலையை மடித்து பீரோவில் வைத்தேன். அதற்குப் பிறகு அதை நான்கு முறை கட்டியிருக்கிறேன். நான்கும் கல்யாணங்கள், நான்கிலும் மணப்பெண் அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி.

நான் 2022-இல் பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் சேர்த்து 28.4. இந்தப் பெருமை எங்கள் தெருவில் கண்ணாலேயே தெரியும். இரண்டு வீட்டுக்கு ஒரு பட்டதாரி இருக்கிறார். சேர்ந்தவர்களைக் கணக்கெடுக்கிறார்கள். முடித்து வந்த மறுநாள் அவர் எதை உடுத்துகிறார், எதைப் படிக்கிறார் என்பதற்குக் கணக்கெடுப்பு கிடையாது. என்னுடைய கணக்கை நானே சொல்லிவிடுகிறேன்.

உடுப்பில் இருந்து தொடங்குகிறேன். மாற்றம் அங்கேதான் முதலில் தெரிந்தது.

கல்லூரியில் ஜீன்ஸ் கூடாது, லெக்கிங்ஸ் கூடாது, துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்த வேண்டும். வாசலிலேயே ஒரு மேடம் நின்று மேலும் கீழும் பார்ப்பார். இடையில் கொரோனா வந்து செல்ஃபோன் முன் வகுப்பு நடந்த மாதங்களில் இந்தச் சட்டம் இடுப்புக்கு மேலே மட்டும் செல்லுபடியானது. மேலே டாப்ஸ், கீழே நைட்டியின் மிச்சம். படிப்பு முடிந்ததும் எல்லாத் தடையும் ஒரே நாளில் போய்விட்டது. ஆசை ஆசையாக ஒரு ஜீன்ஸ் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு போவதற்குத்தான் இடம் இல்லை.

வீட்டில் நைட்டி. பால் பாக்கெட் வாங்க, குப்பை வண்டிக்கு ஓட, அண்ணாச்சி கடைக்குப் போக, அதே நைட்டிமேல் ஒரு துண்டு. இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. மதுரை வெயிலில் பகல் முழுக்க அடுப்படியிலும் மொட்டைமாடியிலும் புழங்குகிறவர்கள் அந்தக் கேலியில் சேர மாட்டார்கள். எனக்கு நைட்டிமேல் குறை இல்லை. காலை ஏழு மணிக்குப் போட்ட அதே நைட்டியில் சாயங்காலம் ஏழு மணிக்கும் இருப்பதுதான் குறை. வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டு அக்கா, "இன்னைக்கு எங்கேயும் போகலையாம்மா?" என்று பாசமாகத்தான் கேட்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

பையன்களுக்கு இந்த விஷயத்தில் வேறு சிக்கல். என் சித்தி மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் சேர்ந்து ஒரே ஒரு ஜோடி கறுப்பு ஷூ வைத்திருந்தார்கள். யாருக்கு இன்டர்வியூவோ அவனுக்கு அன்று ஷூ. ஒருவனுக்கு மட்டும் கால் பெரியது. அவன் அதைப் போட்டுக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்தாலே வேலை கிடைக்காது என்று தெரிந்துவிடும் என்று சிரிப்பார்கள். இப்போது அவன்தான் சென்னையில் இருக்கிறான், மற்ற மூன்று பேரும் இங்கே.

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பது என்று நான் முடிவு செய்தபோது, அம்மா முதலில் செய்த காரியம் என் பழைய சுடிதார்களை எடுத்துப் பார்த்ததுதான். உட்கார்ந்து படித்து உடம்பு போட்டிருந்தேன். எப்போதும் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தைப்பவர் அவர். பக்கத் தையலைப் பிரித்து விட்டதில் இரண்டு தேறின: ஒன்று நீலம், ஒன்று காப்பிக்கொட்டை நிறம். திங்கள், புதன், வெள்ளி நீலம். மற்ற நாட்களில் காப்பி. புதுசு எடுக்கலாம் என்று அம்மா சொன்னார். சம்பாதிக்காத ஆளுக்குத் துணி எடுப்பது கடைக்குள் நுழையும்போதே கனக்கும். விலைச்சீட்டைத்தான் கை முதலில் திருப்பும், துணியை அப்புறம்தான் தொடும்.

இந்த இரண்டு சுடிதாரும் போய் வந்த இடம் மதுரை புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15 அன்று திறந்தார்கள். இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல். எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம், அங்கே போய்வர ஆகும் செலவு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தினமும் டிக்கெட்டுக்குக் காசு கேட்க வேண்டியிருந்தால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் போயிருப்பேன். டிபன் பாக்ஸில் புளிச்சோறு, ஒரு பாட்டில் தண்ணீர், கறுப்புப் பேனா. உள்ளே ஏ.சி. குளிர் காதைத் துளைக்கும். கல்லூரியில் மூன்று வருடம் பின் குத்திச் சலித்த துப்பட்டாவுக்கு அங்கேதான் உருப்படியான வேலை வந்தது. காதைச் சுற்றி முக்காடு.

என் மேஜையில் இருந்தது ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல். கால்குலஸ் வரை கணிதம் படித்து முடித்த கையோடு ஆறாம் வகுப்புக்குத் திரும்பிப் போவது வேடிக்கைதான். ஆனால் குரூப் 4-க்குத் தகுதியே பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. கேள்விகளும் அந்தத் தரத்தில்தான் இருக்க வேண்டும். அதனால் பள்ளிப் பாடநூல்தான் வேதம். நான் 2012-இல் ஆறாம் வகுப்பு படித்தபோது வைத்திருந்த புத்தகம் இப்போது உதவாது. 2018-இல் பாடத்திட்டம் மாறி எல்லாம் புதுசாகிவிட்டது. செல்ஃபோனில் இலவசமாகப் பார்க்கலாம் என்றாலும், பக்கத்தை மடிக்காமல், ஓரத்தில் கிறுக்காமல் எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது. பழைய புத்தகக் கடையில் ஒரு கட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் ஏதோ ஒரு பையனின் பெயர், பிரிவு 'ஆ', உள்ளே அசோகருக்கு மீசை. நன்றாகவே வரைந்திருந்தான்.

துணியும் புத்தகமும் ஒரே இடத்தில் என்று நினைத்தால் எனக்குப் புதுமண்டபம்தான் ஞாபகம் வரும். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதன் தூண்களுக்கு இடையே தையல்காரர்கள் வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்திலேயே புத்தகக் கடைகள், வளையல் கடைகள், பாத்திரக் கடைகள். அம்மா நூல்கண்டும் கொக்கியும் வாங்க வருவார். அவர் பேரம் முடிக்கும்வரை நான் புத்தகக் கடை வாசலில் நிற்பேன். ஒரு பக்கம் மிஷின் சத்தம், இன்னொரு பக்கம் புத்தக வாசனை. இப்போது மண்டபத்தைக் காலி செய்து, கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு நல்லது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

2024 ஜூன் 9-ஆம் தேதி தேர்வு. முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். மூன்று மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண். இதில் நூறு கேள்வி தமிழ். அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். தேர்வு எழுதாதவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நான்கு விடைகளுக்குப் பிறகு ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கும்: விடை தெரியவில்லை. தெரியாது என்றால் அதையும் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும், கடைசியில் எத்தனை 'தெரியவில்லை' என்று எண்ணியும் எழுத வேண்டும். வாழ்க்கையில் வேறு எங்கேயும் தெரியாது என்பதை இவ்வளவு நேர்த்தியாக ஒப்புக்கொள்ளச் சொல்லி என்னை யாரும் கேட்டதில்லை. எனக்கு அன்று ஒன்பது.

வேலை கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் படிப்பில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

தமிழ்ப் பகுதியில் நூலையும் ஆசிரியரையும் பொருத்த வேண்டும். சாகித்திய அகாதெமி விருதுகளை நாங்கள் பாட்டு மாதிரி ஒப்பிப்போம். 2018 எஸ். ராமகிருஷ்ணன், சஞ்சாரம். 2019 சோ. தர்மன், சூல். 2020 இமையம், செல்லாத பணம். 2021 அம்பை, சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒன்றையும் படித்ததில்லை. இருநூறு புத்தகங்களின் பெயர் தெரிந்த, பாடம் தவிர்த்துப் பத்துப் புத்தகம்கூட முழுதாகப் படிக்காத பட்டதாரி நான். அதே நூலகத்தில், படி ஏறினால் அத்தனையும் இருந்தன. ஒரு வருடமாக அவற்றுக்குக் கீழே உட்கார்ந்துதான் அவற்றின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

தேர்வு முடிந்த வாரம் மேலே போய் 'செல்லாத பணம்' எடுத்தேன். பெயரைப் பார்த்து ரூபாய் நோட்டு செல்லாமல் போன கதை என்று நினைத்திருந்தேன். தேர்வுக்கு அந்த அளவு தெரிந்தால் போதும். அது பொறியியல் படித்த ஒரு பெண்ணின் கதை. ஆட்டோ ஓட்டுகிறவரைக் காதலித்து, வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டு, தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கிறாள். பணம் வைத்திருக்கும் அப்பா வெளியே நிற்கிறார். இரண்டு நாளில் முடித்தேன். மூன்றாம் நாள் நூலகத்துக்குப் போகவில்லை. 2020-க்கு நேரே வட்டம் போடுவதற்காக நான் வைத்திருந்த ஒரு பெயருக்குள் என் வயசுப் பெண் ஒருத்தி இத்தனை நாளாகக் கிடந்திருக்கிறாள் என்பதை என்னால் சட்டென்று கடக்க முடியவில்லை.

அதிலிருந்து மாசத்துக்கு ஒன்று. பொருத்துகப் பட்டியலில் இருந்தே எடுப்பது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய 'சஞ்சாரம்' வேகமாக ஓடியது. 'சூல்' கண்மாயைப் பற்றியது. அதைப் படித்த பிறகு செல்லூர்க் கண்மாயைப் பேருந்திலிருந்து பார்த்தால் வயிறு எரிகிறது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' மதுரையின் கதை என்பதால் விடாமல் பிடித்து நான்கு மாதம் படித்தேன். மாசத்துக்கு ஒன்று என்ற விதி அங்கே உடைந்தது. எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். விருது வாங்கிய ஒன்றிரண்டை அறுபதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். அந்த உரிமையும் பரீட்சைக்குப் படிக்கும்போது கிடையாது.

பதினொரு பேரில் இன்னொருத்தியையும் சொல்ல வேண்டும். அவள் பெரிய ஜவுளிக்கடையில் இருக்கிறாள். அவளுக்குக் கடை கொடுத்த யூனிஃபார்ம் சேலை, காலை முதல் ராத்திரி வரை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். "ஸ்டூல் இருக்குடி, உட்காரத்தான் நேரம் இல்லை" என்கிறாள். நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சேலை விரித்துக் காட்டுகிறவள், லீவு நாளில் சேலையைத் தொட மாட்டாள். நான் வாங்கி வைத்திருந்த ஜீன்ஸை இப்போது போடுவது அவள்தான்.

2024-லேயே, தேர்வுக்குச் சில மாதங்கள் முன்னால், பட்டமளிப்பு விழா நடந்தது. படித்ததெல்லாம் மறந்த பிறகு பட்டம் கொடுப்பது நம் ஊர் வழக்கம். வாடகைக்குக் கறுப்பு அங்கி. அதற்குள் பட்டுச் சேலை கட்டியிருந்தாலும் ஒன்றுதான், காப்பிக்கொட்டை நிறச் சுடிதார் போட்டிருந்தாலும் ஒன்றுதான். நான் சுடிதாரோடு போனேன். அம்மா கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அங்கியின் ஓரத்தை உள்ளே திருப்பிப் பார்த்து, "ஓவர்லாக்கே அடிக்கலையே, இதுக்கா வாடகை வாங்குறாங்க?" என்றார்.

இப்போது சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் ஏழு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆறாவது முதல் பத்தாவது வரை கணக்கு. ஒரு பக்கம் அம்மாவின் மிஷின் ஓடும், இன்னொரு பக்கம் வாய்ப்பாடு. டியூஷன் காசில் மூன்றாவதாக ஒரு சுடிதார் எடுத்தேன், கத்தரிப்பூ நிறம். 2025 ஜூலையில் மறுபடி எழுதினேன். அந்த முறை 'தெரியவில்லை' மூன்றுதான், ஆனாலும் இடம் வரவில்லை. அடுத்த அறிவிப்புக்குப் படிக்கிறேன். இளநிலை உதவியாளருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். அதை வாங்கும் நாளில் என்ன உடுத்துவது என்று அம்மா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார், சுங்குடிச் சேலை. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஒரு வேண்டுகோள். வருடக் கடைசியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ், அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள். உங்கள் தெருவில் படித்துக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு பட்டதாரியிடம் கொடுங்கள். அசோகருக்கு மீசை வரைந்திருந்தாலும் பரவாயில்லை.