கைமாறும் விடுமுறை

டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில் உறுப்பினராக இருக்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 160 பாயிண்ட் வருகிறது, அவருடைய பாயிண்ட் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நவம்பர் 30க்குள் அந்தப் பாயிண்ட்களைக் கொண்டு அவர் எங்காவது தங்கிவிட வேண்டும். தவறினால் அத்தனையும் காலாவதி. ஆனால் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் அவர் கட்டியே தீர வேண்டும். பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டுப் பெரியவருக்கு ஆபரேஷன், புது வேலையில் லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வருடப் பயணம் கைவிட்டுப் போவது எந்தக் குடும்பத்திலும் நடப்பதுதான். அப்படிப்பட்ட நேரத்தில் உறுப்பினர்கள் நாடும் வழிகளில் ஒன்று, பாயிண்ட்களை இன்னொரு உறுப்பினருடைய கணக்குக்கு மாற்றிக் கொடுப்பது.

இந்தக் கிளப் ஒரு டைம்ஷேர், அதாவது ரிசார்ட்டில் ஆண்டுதோறும் தங்கும் உரிமையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. டைம்ஷேர் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானல், ஊட்டி ரிசார்ட்டுகளைக் காட்டி இங்கே பல நடுத்தரக் குடும்பங்களை உறுப்பினர்களாகச் சேர்த்தது. பத்தாண்டு கழித்து கிளப் மஹிந்திரா வந்தது. இவை பெரும்பாலும் விற்றது வாரக் கணக்கில்: ஆண்டுக்கு ஏழு நாள், இன்ன சீசன், இன்ன அளவு அறை. டிஸ்னி 1991இல் ஃபுளோரிடாவில் ஓல்ட் கீ வெஸ்ட் என்ற ரிசார்ட்டோடு கிளப்பைத் தொடங்கியபோது வாரத்துக்குப் பதிலாகப் பாயிண்ட்டைக் கணக்காக வைத்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு இரவுக்கு அதிகப் பாயிண்ட், பள்ளிகள் திறந்திருக்கும் செப்டம்பரில் குறைவு. சின்ன ஸ்டுடியோ அறைக்கு ஒரு கணக்கு, இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வேறு கணக்கு. வாங்குகிறவர் பெயருக்கு ரிசார்ட்டின் ஒரு சிறு பங்கு பத்திரமாகவே பதிவாகிறது. அந்தப் பங்குக்கும் முடிவு தேதி உண்டு. ஆரம்ப கால ரிசார்ட்டுகள் பலவற்றுக்கு அது 2042 ஜனவரி 31.

வாரத்தைப் பிரித்துக் கொடுப்பது கடினம். பாயிண்ட்டை ஐம்பதாகவும் நூறாகவும் பிரிக்கலாம். கைமாற்றம் பிறந்தது இந்த வசதியால்தான்.

அதற்கு முன்னால் உறுப்பினரிடம் வேறு இரண்டு வழிகள் இருக்கின்றன. இந்த ஆண்டுப் பாயிண்ட்டை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கலாம். அடுத்த ஆண்டுப் பாயிண்ட்டை இப்போதே முன்கூட்டி எடுத்துச் செலவழிக்கலாம். ஆனால் சேமிக்க முதல் எட்டு மாதம்தான் அவகாசம். டிசம்பரில் ஆண்டு தொடங்குகிறவருக்கு ஜூலை 31 கடைசி நாள். ஒருமுறை சேமித்ததை மறுபடி சேமிக்கவும் முடியாது. ஆகஸ்டில் பயணம் ரத்தாகிப் பாயிண்ட்டோடு நிற்கிறவருக்கு மிஞ்சுவது மூன்று வழிதான்: அவசர அவசரமாக வேறெங்காவது போய்த் தங்குவது, புக்கிங் செய்து யாருக்காவது வாடகைக்கு விடுவது, அல்லது இன்னொரு உறுப்பினருக்கு மாற்றுவது.

மாற்றுவது நடைமுறையில் எளிதுதான். கொடுப்பவர் கிளப்பின் உறுப்பினர் சேவைப் பிரிவிடம் எத்தனை பாயிண்ட், யாருக்கு என்று சொன்னால் போதும். சிக்கல் பெறுகிறவர் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. தன் கணக்கில் வந்து விழுந்துவிட்டதால் அவை தன் பாயிண்ட் போலவே நடந்துகொள்ளும் என்று அவர் நம்புகிறார். நடக்காது. பாயிண்ட் எங்கே போனாலும் பிறந்த தேதியையும் பிறந்த ரிசார்ட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும்.

அக்கா, தம்பி இருவரும் உறுப்பினர்கள் என்று கொள்வோம். அக்காவுக்கு ஓல்ட் கீ வெஸ்டில் பங்கு, அவருடைய ஆண்டு டிசம்பரில் தொடங்குகிறது. தம்பிக்கு போர்ட்வாக் ரிசார்ட்டில் பங்கு, ஆண்டு தொடங்குவது ஜூனில். அக்கா தன்னுடைய 60 பாயிண்ட்டைத் தம்பிக்கு மாற்றுகிறார். தம்பி தன் ஆண்டுக் கணக்கைப் பார்த்து, மே 31 வரை நேரமிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தால் ஆறு மாதம் முன்பே, நவம்பர் 30 அன்று, அந்த அறுபதும் போய்விடும். மறுபடி திரும்பி வராது.

இதைவிட நுணுக்கமானது புக்கிங் நாள். ஒருவர் தன் சொந்த ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே அறை எடுக்கலாம். மற்ற ரிசார்ட்டுகளில் 7 மாதம் முன்புதான். தம்பி அக்டோபர் 10 அன்று போர்ட்வாக்கில் தங்க விரும்புகிறார். தன் பாயிண்ட்டைக் கொண்டு முந்தைய நவம்பர் 10இலேயே பதிவு செய்யலாம். அக்கா கொடுத்த பாயிண்ட் ஓல்ட் கீ வெஸ்டுக்கு உரியது என்பதால், போர்ட்வாக்குக்கு மார்ச் 10 வரை காத்திருக்க வேண்டும். அக்டோபர் என்பது பக்கத்திலுள்ள எப்காட் பூங்காவில் உணவுத் திருவிழா நடக்கும் காலம். போர்ட்வாக்கில் குறைந்த பாயிண்ட்டுக்குக் கிடைக்கும் அறைகளுக்கு அப்போது கடும் போட்டி. மார்ச் வரை அவை மிஞ்சியிருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இவ்வளவு இருந்தும் கைமாற்றத்தை உறுப்பினர்கள் விரும்பக் காரணம் உண்டு. வாடகைக்கு எடுத்தால் புக்கிங் உரிமையாளரின் கணக்கிலேயே இருக்கும். தேதியை மாற்றவும் ரத்து செய்யவும் அவர் தயவு வேண்டும். ரத்தானால் பாயிண்ட் திரும்பிப் போவதும் அவரிடமே. கைமாற்றத்தில் பாயிண்ட் பெற்றவருடைய கணக்கில் இருக்கிறது. தன்னிடம் இருப்பதோடு சேர்த்துப் பெரிய அறை எடுக்கலாம், நாளை நீட்டிக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. நூறு பாயிண்ட் வைத்துக்கொண்டு மூன்று தலைமுறையையும் ஒரே வீட்டில் தங்கவைக்க நினைக்கும் குடும்பத்துக்கு இது பெரிய உதவி.

கிளப் இதற்குப் போட்டிருக்கும் வேலி முக்கியமானது. ஓர் உறுப்பினர் ஒரு பாயிண்ட் ஆண்டில் ஒரே ஒரு முறைதான் கைமாற்றத்தில் ஈடுபடலாம். கொடுப்பதும் கணக்கு, பெறுவதும் கணக்கு. ஜனவரியில் நண்பரிடம் 20 பாயிண்ட் வாங்கியவர், ஆகஸ்டில் அண்ணனுக்கு 80 கொடுக்க நினைத்தால் முடியாது. காசு வாங்கிக்கொண்டு மாற்றவும் விதி இடம் தரவில்லை. வாடகைக்கு விடலாம், ஆனால் அதையே தொழிலாக நடத்தக் கூடாது.

சிறிய பங்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒருமுறை விதி கடுமையாகத் தெரிவது உண்மை. ஆனாலும் அது இருக்க வேண்டிய விதிதான். பல ரிசார்ட்டுகளில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் பாயிண்ட்டுக்கு 7 முதல் 10 டாலர். வாடகைச் சந்தையில் அதே பாயிண்ட் 20 டாலர் அளவுக்குப் போகிறது. வேலி இல்லையென்றால் காலாவதியாகப் போகிற பாயிண்ட்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்து, விடுமுறைக் கால அறைகளையெல்லாம் வளைத்துப் போட இடைத்தரகர்களுக்கு ஒரு வருடம் போதும். கட்டணம் கட்டிக் காத்திருக்கும் சாதாரணக் குடும்பத்துக்கு அறை கிடைக்காது.

இன்னொன்று. 2019 ஜனவரி 19 முதல், பழைய ரிசார்ட்டுகளின் பங்கை இன்னொரு உறுப்பினரிடமிருந்து மறுவிற்பனையில் வாங்கியவர்கள், ரிவியரா போன்ற புதிய ரிசார்ட்டுகளில் அந்தப் பாயிண்ட்டைப் பயன்படுத்த முடியாது. ரிவியராவில் தங்கும் ஆசையோடு பாயிண்ட் பெற நினைப்பவர், கொடுப்பவர் அதை நேரடியாகக் கிளப்பிடம் வாங்கினாரா, மறுவிற்பனையிலா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

மொத்தத்தில், ஒரே குடும்பத்துக்குள்ளும் நன்றாகப் பழகியவர்களுக்கிடையிலும் கைமாற்றம் அருமையான ஏற்பாடு. முன்பின் தெரியாதவரிடம் இதைச் செய்ய வேண்டாம். அங்கே எழுத்து ஒப்பந்தத்தோடு கூடிய வாடகைப் புக்கிங்தான் பாதுகாப்பு. உறவினரே ஆனாலும் சரி, பாயிண்ட் எந்தத் தேதியில் காலாவதியாகிறது, எந்த ரிசார்ட்டுக்கு உரியது, ஏற்கெனவே சேமித்ததா, இந்த ஆண்டில் இருவரில் யாராவது ஒருமுறை மாற்றிவிட்டார்களா என்பதைக் கேட்டு எழுதி வாங்கிய பிறகே சம்மதம் சொல்லுங்கள். மாற்றிய பாயிண்ட்டைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.