புகை குறைந்தது, பகை குறைந்ததா?

திண்டுக்கல் வெயிலைத் திட்டாத உழைப்பாளி உண்டா? சிறுமலை வாழைத்தாரை இறக்கும் தோழரும், சாலையில் தார் ஊற்றும் தோழரும் பிற்பகலில் மூச்சு வாங்கினால், பழி முழுவதும் வெயில்மீதே விழுகிறது. வெயிலோடு கைகோத்து வரும் இன்னொரு பகைவன் உண்டு, தோழர்களே! அவன் பெயர் ஓசோன்.

வான உச்சியில் அவன் காவலன். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கவசம். தரைக்கு அருகிலோ, நெஞ்சை அரிக்கும் நஞ்சு!

எந்தப் புகைபோக்கியும் அவனை நேராகக் கக்குவதில்லை. வண்டியும் ஆலையும் விடும் நைட்ரஜன் ஆக்சைடு ஒருபுறம்; பெட்ரோலிலும் பெயிண்டிலும் எழும் ஆவி மறுபுறம். இரண்டையும் வெயில் சமைக்கிறது; ஓசோன் பிறக்கிறான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகைமூட்டத்தை ஆராய்ந்து, 1950-களின் தொடக்கத்தில் இதை மெய்ப்பித்தவர் ஹாகன்-ஸ்மிட்.

வண்டிப் புகையைக் குறைத்துவிட்டால் தீர்ந்ததா? 2020 ஊரடங்கைப் பாருங்கள். வண்டிகள் நின்றன; நைட்ரஜன் ஆக்சைடு சரிந்தது. ஓசோனோ இந்திய நகரங்கள் சிலவற்றில் ஏறியது! ஏன்? நகர நடுவே வண்டிப் புகையிலிருந்த நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுகொண்டிருந்தது. தின்னும் வாய் மூடிற்று, பகைவன் தலைநிமிர்ந்தான்.

அப்படியானால் புகை நல்லதா? அது முதலாளிக்குச் சாமரம் வீசும் வாதம்! நைட்ரஜன் ஆக்சைடை அரைகுறையாக இல்லாமல் ஆழமாகக் குறைக்க வேண்டும். ஆவியையும் உடன் குறைக்க வேண்டும். எதை எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். அதற்குத்தான் மாதிரிக் கணக்கு. ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, புகை, காற்று, வெயில் அனைத்தையும் மணிக்கு மணி கணினியில் இட்டு, "இதைக் குறைத்தால் என்ன ஆகும்?" என்று முன்கூட்டியே கேட்பது. மருந்துக்கு முன் நாடி பார்ப்பது!

நகரத்துப் புகை காற்றோடு நெடுந்தூரம் போய் ஓசோனாகும். பயிரின் இலைக்குள் புகுந்து விளைச்சலைக் குறைக்கும். நம் பக்கத்தில் அது எங்கே இறங்குகிறது? நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டத்திலா, ஒட்டன்சத்திரம் காய்கறி வயலிலா? கணக்குப் போட்டால்தானே தெரியும்!

எட்டு மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதென 2009-இல் விதி வகுத்தார்கள். 2019-இல் வந்த தேசியத் தூய காற்றுத் திட்டமோ தூசியைத்தான் குறிவைத்தது. அதன் நகரப் பட்டியலில் திண்டுக்கல் இல்லை. மெண்டோன்சா காலனியில் காற்றை அளக்கும் நிலையம் இருக்கிறது. அளப்பது தொடக்கம், கணக்கிடுவது கடமை.

"புகையைக் குறைத்துவிட்டோம்" என்று மேடையில் முழங்குவோரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், தோழர்களே: ஓசோன் கணக்கு எங்கே?