கோட்டை வாயிற் கயல்கள்

திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டையின் வாயிற்கல்லிலே இணைக்கயல்களும் சிதைந்த தமிழெழுத்துக்களும் காணப்படுகின்றன. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலைத் தகர்த்து, அதன் கற்களைக் கொண்டே ஈண்டு அரண் அமைத்தனர். இடித்தவர் கையாலேயே இக்கல் எஞ்சியது.

கயல் பாண்டியரின் இலச்சினை. 13ஆம் நூற்றாண்டிலே வீரபாண்டியன் ஈழத்தை வென்று கோணமலையிற் கயல் பொறித்தான் எனப் புதுக்கோட்டைக் குடுமியான்மலைச் சாசனம் கூறும். அக்கயல்களே இவையென ஆராய்ச்சியாளர் கருதுவர். எழுத்துக்களோ வடிவத்தாற் பிற்பட்டன. எனவே ஒரே கல்லில் இரு காலங்கள் பேசுகின்றன.

குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் குலைப்பர் என முன்னறிவிக்கும் செய்யுளாக மக்கள் அவ்வெழுத்துக்களை ஓதுவர். அச்செய்யுளின் பல சொற்கள் இன்று கல்லிலே இல்லை. மரபு போற்றற்குரியதே. ஆயினும் கல்லிலுள்ளதையும் நாவிலுள்ளதையும் வேறுபிரித்தறிதல் வரலாறு கற்போர் கடன்; எஞ்சிய எழுத்தைத் தேயாது காத்தல் நம் அனைவர்க்கும் கடன்.